நின்னுட்டான்: செங்கல்பட்டில் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளின் கதை

செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருப்பதைச் சொல்ல இரண்டு பேச்சு உண்டு. ‘மட்டம் போட்டுட்டான்’ என்பது ஒன்று. ஏரிக்கரையில் ஓணான் அடிக்கப் போனவன், புதுப்படத்துக்குப் போனவன், கணக்கு வாத்தியாருக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் எல்லாம் இதில் சேர்த்தி. இரண்டு அடி விழும், மறுநாள் வந்துவிடுவான். இன்னொன்று, ‘நின்னுட்டான்’. இதைச் சொல்லும்போது யார் குரலிலும் கோபம் இருக்காது. அப்பன் கீழே விழுந்துட்டான், கடன் ஏறிப்போச்சு, குடும்பமே சூளைக்குப் போயிடுச்சு என்று அடுத்த வாக்கியம் தானாக வரும்.

தொடர்ந்து 30 வேலை நாள் வராத பிள்ளையை இன்றைய கல்வித்துறை இடைநின்றவர் கணக்கில் சேர்க்கிறது. கணக்குக்கு அது போதும். ஆனால் முப்பது நாள் மட்டம் போட்ட பிள்ளை என்று யாருமே கிடையாது. மட்டம் போடுவதற்குக் கூட்டாளி வேண்டும், மூன்றாம் நாள் சலித்துவிடும். முப்பது நாள் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது.

இந்த இரண்டு பேச்சையும் ஊர் பிரித்து வைத்திருக்கிற மாதிரி அரசாங்கங்கள் பிரித்து வைத்ததில்லை. நின்றவனை மட்டம் போட்டவனாக நினைத்தால் அவனைப் பிடித்துவர ஆள் அனுப்பத் தோன்றும். நின்றவனாகவே பார்த்தால், அவனை நிறுத்தியது எது என்று கேட்கத் தோன்றும். செங்கல்பட்டுச் சீமையின் 130 வருஷக் கதையில் இரண்டுமே நடந்திருக்கின்றன. கடனையும் பசியையும் மனைக்கட்டையும் சான்றிதழையும் தொட்டவர்களிடம்தான் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பிள்ளையை மட்டும் தொட்டவர்களிடம் வரவில்லை.

இங்கே செங்கல்பட்டு என்று சொல்வது 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இன்றைய மாவட்டத்தை மட்டுமல்ல. 1997 வரை திருவள்ளூர், காஞ்சிபுரம், மாமல்லபுரம் எல்லாம் ஒரே மாவட்டம். சென்னை என்ற பெருநகரத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் ஏரிப்பாசன பூமி. நகரத்துக்கு வேண்டிய நெல், செங்கல், கருங்கல், பட்டுப்புடவை எல்லாம் இங்கிருந்து போனது. அவற்றைச் செய்ய வேண்டிய கைகளும் இங்கிருந்தே எடுக்கப்பட்டன. அதில் சின்னக் கைகளும் உண்டு.

மனைக்கட்டு இல்லாதவன் பிள்ளை

மதுராந்தகம் பக்கம் கோழியாளம் என்று ஒரு ஊர். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர் அதுதான். பின்னால் ‘பறையன்’ பத்திரிகை நடத்தியவர், சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்தவர், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர். 1939-ல் அவர் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சில வரிகள் வருகின்றன. ஏறக்குறைய 400 பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். தன் சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் சீனிவாசன் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது படித்துக்கொண்டு நிற்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி விறுவிறுவென்று வீடு போய்ச் சேர்வார்.

அவர் நிற்கவில்லை, படித்து முடித்தார். ஆனால் ஒரு பிள்ளை பள்ளியைவிட்டு ஏன் ஓடும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் நம்மிடம் குறைவு. அவருக்குப் படிப்பு கசக்கவில்லை. கசந்தது, படிப்பு ஆரம்பிக்கும் முன்னும் முடிந்த பின்னும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்.

அதே காலத்தில் அவர் பிறந்த மாவட்டத்துச் சேரிகளில் பள்ளிக்கூடம் என்ற பேச்சே அரிது. அங்கே படியாள் முறை இருந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய சின்னத் தொகைக்கு ஒரு குடும்பம் தலைமுறையாக உழைக்கும். ஆண் ஏர் பிடிப்பான், பெண் நாற்று நடுவாள், பிள்ளை மாடு மேய்க்கும். பிள்ளை பள்ளிக்குப் போனால் மாட்டுக்கு ஆள் இல்லை. வற்புறுத்தி அனுப்பினால் மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். ஏனென்றால் குடிசை நிற்கிற மனையே தங்களுக்குச் சொந்தம் என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள்.

இதை எழுத்தில் வைத்தவர்களில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் இருந்தார். வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி திருவள்ளூரில் இருந்தார். இருவரும் ஆத்தும விசாரணைக்கு வந்து நில விசாரணையில் மாட்டிக்கொண்டவர்கள். சேரியில் பள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் மனைக்கட்டும் கடனும் பள்ளியின் கதவை அடைத்துக்கொண்டு நிற்பது அவர்களுக்குத் தெரிந்தது. மூன்றாமவர் கலெக்டர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். செங்கல்பட்டு ஜில்லாவின் பறையர்கள் நிலைபற்றி 1891-ல் அவர் அரசுக்கு அனுப்பிய குறிப்பு புகழ்பெற்றது. நிலம், குடியிருப்பு மனை, கடன் அடிமைத்தனம், படிப்பு எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் சேர்த்துப் பேசியதுதான் அதன் பலம்.

அதன் பின்விளைவாக 1892 செப்டம்பர் 30-ல் வந்த அரசாணையிலிருந்துதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது பிறந்தது. நாலு மாதம் கழித்து, 1893 பிப்ரவரி 1-ல், கல்வித்துறையின் 68-ஆம் எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், அந்தச் சமூகத்திலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு உதவித்தொகை, புறம்போக்கில் பள்ளி என்று அது வழி செய்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பின்னால் அதை அழைத்தார்கள். நில ஆணையும் பள்ளி ஆணையும் முன்னும் பின்னுமாக வந்தது தற்செயல் இல்லை. ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது என்பது கள அனுபவம்.

பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி கைமாறிப் போன கதை நமக்குத் தெரியும். அதைத் திரும்பக் கேட்டுத்தான் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர்விட்டார்கள். நிலம் போன வீட்டுப் பிள்ளை மறுபடி யாருடைய மாட்டையோ மேய்க்கப் போகும். பள்ளி வரலாறும் நில வரலாறும் இந்த மண்ணில் தனித்தனிப் புத்தகம் அல்ல.

மதிலுக்குள் ஒரு பள்ளி

இதே செங்கல்பட்டில், திரமென்ஹீர் குறிப்பு எழுதுவதற்கு நாலு வருஷம் முந்தி, வேறு மாதிரியான ஒரு பள்ளி வந்தது. 1887-ல் திறந்த சீர்திருத்தப் பள்ளி. 1876-ஆம் வருஷத்துச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தின் கீழ், குற்றம் செய்ததாகத் தண்டிக்கப்பட்ட சிறுவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் கைத்தொழில் கற்பிக்கும் இடம். ஜெயிலோடு ஒப்பிட்டால் முன்னேற்றம், சந்தேகம் இல்லை. 1920-ல் சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. அதற்குப் பிறகு குற்றம் செய்தவர்களோடு, தெருவில் திரிகிறவர்கள், பிச்சை எடுக்கிறவர்கள், ஆதரவற்றவர்கள் என்று பார்க்கப்பட்ட பிள்ளைகளும் சட்டத்தின் கைக்குள் வந்தார்கள். ‘சும்மா இரு, இல்லன்னா செங்கல்பட்டு ஸ்கூல்ல விட்டுருவேன்’ என்று சென்னைத் தகப்பன்மார்கள் மிரட்டுவதற்கு அந்த மதில் ஒரு நூற்றாண்டு பயன்பட்டது.

மதிலுக்குள் படிப்பு உண்டு, தொழில் உண்டு, சாப்பாடும் உண்டு. பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பிய வீட்டுக்கு மட்டும் அங்கே ஒன்றும் கிடையாது. பையன் வெளியே வரும்போது அதே வீடு, அதே கடன் காத்திருக்கும். 2022 கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த ஒரு சிறுவன் இறந்து, ஊழியர்கள் கைதாகி, அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு இந்த இல்லங்களை ஆராய நேர்ந்தது. பிள்ளையை மட்டும் பிடித்து வைத்துச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது கடைசி உதாரணமாக இருக்கட்டும்.

பிள்ளை பிடிக்கிற வேலையை நம்மைவிடப் பெரிதாகச் செய்து பார்த்தவர்கள் லண்டன்காரர்கள். இங்கிலாந்தில் 1870-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. லண்டன் கல்வி வாரியம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆட்களை நியமித்தது. ஏழைத் தெருக்களில் அவர்களைக் கண்டால் ஆகாது. ஆனால் வருஷக்கணக்கில் படியேறிப் படியேறி, எந்த வீட்டில் யாருக்கு வேலை போனது, எத்தனை பேர் ஒரு அறையில் படுக்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. சார்ல்ஸ் பூத் என்ற கப்பல் வியாபாரி 1880-களில் லண்டனின் வறுமையைக் கணக்கெடுக்கக் கிளம்பியபோது அவருக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது இவர்கள் சொன்ன தகவல்கள்தான். தெருத் தெருவாக நிறம் தீட்டிய அவருடைய வறுமை வரைபடம் இன்றும் பேசப்படுகிறது. வராத பிள்ளையைத் தேடிப் போனவர்களின் நோட்டுப் புத்தகத்தில் கடைசியில் விழுந்தது வீட்டின் கணக்கு.

ஆறு காசும் நாலு காசும்

சென்னை மாநகராட்சி 1920-ல், பி. தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. சாப்பாடு போட்டால் பிள்ளை வரும் என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. பணம் இல்லை என்று சில வருஷத்தில் அது தடுமாறியது. மாகாணம் முழுவதற்கும் அது போகவில்லை.

அது நடக்க இன்னும் 36 வருஷம் ஆயிற்று. காமராஜர் முதலமைச்சர். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ‘நெ’ என்பது நெய்யாடுபாக்கம், அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம். கிராமத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதை அவருக்கு யாரும் அறிக்கை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது அது அரசுத் திட்டமே அல்ல, ஊராரின் தர்மம். உள்ளூரில் ஒரு குழு, அவரவர் வீட்டிலிருந்து பிடி அரிசி, களத்து நெல், தோட்டத்துக் காய். 1957-ல்தான் அரசு உதவிப்பணம் சேர்ந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு வைத்து, ஆறு காசு அரசு, நாலு காசு ஊர்.

அந்த நாலு காசில்தான் விஷயம் இருக்கிறது. ஆறு காசு வந்துவிடும் என்பதால் ஊர் நாலு காசுக்கு அலைய வேண்டியிருந்தது. அலைகிற குழு, யார் வீட்டுப் பிள்ளை சாப்பிட வரவில்லை என்று கேட்கும். ‘உம் பையன எங்கப்பா காணோம்?’ என்று கேட்பவர் வாத்தியார் இல்லை, காய்கறி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கடுத்த படி செங்கல்பட்டு ஜில்லாவிலேயே எடுத்து வைக்கப்பட்டது. 1958-ல் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் கடம்பத்தூர் வட்டாரத்தில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தது. செய்தது எளிய வேலை. வட்டாரத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் என்ன இல்லை என்று பட்டியல் போடு: கூரை, கிணறு, கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், தண்ணிப் பானை, பிள்ளைகளுக்குச் சட்டை. ஊர்க்கூட்டம் போடு. பட்டியலைப் படி. யார் எதை ஏற்கிறார்கள் என்று அங்கேயே எழுது. பிறகு ஒரு மாநாடு கூட்டி, கொடுத்தவர்களை மேடையில் கௌரவி. அடுத்த சில வருஷத்தில் மாநாடுகள் மாநிலம் முழுக்க நடந்தன. காமராஜரும் பலவற்றில் வந்து உட்கார்ந்தார். சுந்தரவடிவேலுவின் ‘நினைவு அலைகள்’ இந்த நாட்களைப் பற்றிய நல்ல ஆவணம்.

சட்டை என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிழிந்த துணியோடு வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு நின்ற பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கணக்கில் வராதவர்கள். எல்லோருக்கும் ஒரே சட்டை என்று ஆனபோது, மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வேண்டிய காரணங்களில் ஒன்று குறைந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும், 2022-ல் காலைச் சிற்றுண்டி வந்ததும் அந்த மதியச் சோற்றின் வழிவந்தவை. அவற்றில் ஊரின் நாலு காசு இல்லை. ஒழுங்கு கூடியது, தடையில்லாமல் சாப்பாடு வந்தது. ஊர்க்குழு கேட்ட கேள்வியைக் கேட்க மட்டும் ஆள் குறைந்தது.

தறி, உளி, சேம்பர்

சோறு போட்டும் வராத பிள்ளைகள் இருந்தார்கள். இந்தப் பகுதியில் அவர்களை மூன்று இடத்தில் தேடலாம்.

முதலாவது, தறி. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒரு நாடாவுக்குப் பதில் மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் எல்லாவற்றையும் தள்ள முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை ஓட்ட உதவிக்கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் பிள்ளையின் கை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியில் உட்கார்ந்தது. கூலி கடனில் கழியாது, பெரும்பாலும் வட்டிக்கே சரியாகும். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் முக்கியமான இடம். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அங்கே வேலை செய்த தொண்டு நிறுவனங்களும், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டன. பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தறியிலிருந்து மீட்டு ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் மறுநாள் அவள் வரமாட்டாள். ஐந்தாம் வகுப்பில் வைத்தால் ஒன்றும் புரியாமல் மறுவாரம் நின்றுவிடுவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும். இணைப்புப் பள்ளி என்றும், சிறப்புப் பயிற்சி மையம் என்றும் அதற்குப் பெயர். எழுத்தும் கணக்கும் பிடிபடும்வரை அங்கே இருந்து, பிறகு வயதுக்கேற்ற வகுப்புக்குப் போகலாம். கூடவே தாய்மார்களைச் சுய உதவிக் குழுவில் சேர்த்துக் கந்துவட்டிக்கு மாற்றான கடன் ஏற்பாடு. காஞ்சிபுரத்தில் குழந்தைத் தொழிலாளர் மீட்பில் 2002-ல் தொடங்கிய ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ விரைவிலேயே மகளிர் குழுக்களுக்குப் போக வேண்டியிருந்ததும் அதனால்தான். பிள்ளையை மீட்க அம்மாவின் கடனைத் தீர்க்க வேண்டும். 1891-ன் பாடம், வேறு தொழிலில்.

இணைப்புப் பள்ளியிலிருந்து ஒரு வரவும் கிடைத்தது. பக்கத்து வேலூரில் 1990-களின் கடைசியில் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காக ரிஷிவேலியின் அட்டை முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறும். பத்து நாள் வராமல் போனாலும் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையர் ஆனபோது 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அது போனது. 2007-ல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க. நின்ற பிள்ளைக்காகச் செய்த வைத்தியம் எல்லாப் பிள்ளைக்கும் ஆயிற்று.

இரண்டாவது, உளி. மாமல்லபுரத்தில் சாலையின் இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறைகள். 1957-ல் அரசு அங்கே சிற்பப் பயிற்சிப் பள்ளி திறந்தது, வைத்தியநாத ஸ்தபதி முதல் தலைவர். இன்று அது பட்டப்படிப்பு தரும் கல்லூரி. பட்டறையில் தகப்பனிடம் கற்ற வித்தைக்குப் படிப்பின் மரியாதை கொடுத்த அபூர்வமான ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கல்லூரிக்குப் போக முதலில் பள்ளியை முடிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் உளி பிடிக்கப் போனவனுக்குக் கதவு இல்லை. கல்தூசி நுரையீரலுக்குப் பகை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ‘கையில தொழில் இருக்கு, படிச்சவன்லாம் என்ன கிழிச்சான்’ என்ற பேச்சுக்கும் அங்கே பஞ்சமில்லை. கடற்கரைக் குப்பங்களில் இதே பேச்சு வலையைச் சொல்லி வரும்.

மூன்றாவது, சேம்பர். செங்கல் சூளையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பொங்கலை ஒட்டி வேலை ஆரம்பித்து, மழை வரும்வரை ஆறு மாதம். மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸுக்குக் குடும்பமாகப் போவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பன் மண் குழைப்பான், அம்மா அச்சு போடுவாள், காய்கிற பச்சைக் கல்லைத் திருப்பிப் போடப் பிள்ளை. பள்ளி வருஷம் ஜூன் முதல் ஏப்ரல் வரை, சூளை வருஷம் ஜனவரி முதல் ஜூன், ஜூலை வரை. சேம்பருக்குப் போகிற பிள்ளை எந்த வகுப்பையும் முடிக்க முடியாது. முழுப்பரீட்சை நேரத்தில் அது கல் திருப்பிக்கொண்டிருக்கும். ஊர்ப்பள்ளியில் அதன் பெயர் பொதுத்தொகுப்பில் போய் விழும்.

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து இங்கே சூளைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் வேலையிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. ஒடியா பாடப்புத்தகங்களும் ஒடியா பேசும் ஆசிரியர்களும் வந்தார்கள். பிள்ளை பள்ளிக்கு வர முடியாது என்றால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்ற யோசனை. சூளை முதலாளி இடம் தர வேண்டும், மேஸ்திரி பிள்ளையை விட வேண்டும், திரும்பிப் போனதும் ஒடிசாவில் அந்த வருஷத்தைச் செல்லும் என்று ஏற்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் கதை முடிந்தது.

ஒரு காகிதத்துக்காக

சேம்பரிலும் ரைஸ்மில்லிலும் சவுக்கு வெட்டிலும் அதிகம் காணக்கூடியவர்கள் இருளர்கள். பாம்புத்தோல் வியாபாரம் 1972-ன் வனவிலங்குச் சட்டத்தோடு நின்றது. 1978-ல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சு எடுத்து மருந்துக்குக் கொடுத்து அவர்களில் சில நூறு பேருக்குத் தொழிலைத் திருப்பிக் கொடுத்தது. மற்றவர்கள் அட்வான்ஸ் வாங்கிச் சிதறினார்கள்.

இருளர் பிள்ளையின் பள்ளி வாழ்க்கையில் தனியாக ஒரு முட்டுச்சந்து உண்டு. அதன் பெயர் சாதிச்சான்று. மற்ற சாதிகளுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடியும் காரியம், பழங்குடிக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அப்பனுக்கு இருக்கா, தாத்தாவுக்கு இருக்கா என்று கேள்வி வரும். தாத்தா பள்ளியே பார்க்காதவர், அவரிடம் காகிதம் எங்கிருந்து வரும்? சான்று இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, விடுதியில் சிக்கல், கல்லூரியில் இடமில்லை. பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிற அண்ணனுக்கு இது நடப்பதை ஆறாம் வகுப்புத் தம்பி பார்க்கிறான். ‘படிச்சு என்னா ஆவப் போவுது’ என்று அவன் கேட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்த முடிவு.

மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரியில் நரிக்குறவரும் இருளரும் வசிக்கிறார்கள். ஐந்து ரதத்தடியில் பாசிமணி விற்கும் பிள்ளைகளை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். சுற்றுலாப் பயணி கொடுக்கும் பத்து ரூபாய் அன்றைக்கே கையில் விழுகிறது. பள்ளி கொடுப்பது பத்து வருஷம் கழித்து. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவப் பெண் விரட்டப்பட்டதாகச் சொன்ன காணொளி பரவியது. அமைச்சர் வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கு வந்து வீட்டுமனைப் பட்டா, சாதிச்சான்று, குடும்ப அட்டை கொடுத்தார். 2022 டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

மனைக்கட்டு. செங்கல்பட்டு கலெக்டர் 1891-ல் எழுதிய அதே சொல். ஆவணத்தில் இடம் பிடிக்க 130 வருஷம் ஆன ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பட்டா வந்த உடனே பிள்ளை பள்ளிக்கு ஓடிவிடாது. பட்டா இல்லாமல் ஓடவே ஓடாது என்பதுதான் அனுபவம். நிலையான விலாசம் இல்லாத பிள்ளையைத் தேடி எந்த வாத்தியார் எந்த வீட்டுக்குப் போவார்?

கதவைத் தட்டுகிறவர்கள்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். ஒன்றரை வருஷத்துக்கு மேல். மட்டத்துக்கும் நிற்பதற்கும் இடையிலிருந்த கோடு அப்போது அழிந்துபோயிற்று. எல்லாப் பிள்ளையும் வீட்டில், அதில் எது நின்றுவிட்டது என்று திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. கடையில் பொட்டலம் மடிக்கப் போனவன், கட்டுவேலைக்குப் போனவன், கல்யாணம் கட்டிக்கொடுக்கப்பட்டவள்.

அந்த அக்டோபர் 27-ல், செங்கல்பட்டு எல்லையைத் தாண்டிய கடற்கரையில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில், இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ, அந்தத் தெருப்பெண் ஒருத்தி இருபது பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். மாதம் ஆயிரம் ரூபாய். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டதாரியின் மாலைநேரத்தை வாங்குவது நியாயமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடம்பத்தூர் ஊர்க்குழுவுக்குப் பிறகு, யார் வீட்டுப் பிள்ளை வரவில்லை என்று பெயர் சொல்லத் தெரிந்த ஒருவர் மறுபடி தெருவுக்குள் வந்தது இதில்தான். ‘அக்கா, அவன் சேம்பருக்குப் போயிட்டான்’ என்று மற்றப் பிள்ளைகள் சொல்லிவிடும். எந்த மென்பொருளிலும் அந்தத் தகவல் அத்தனை சீக்கிரம் ஏறாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் பள்ளி மேலாண்மைக் குழுவும் காகிதத்தில் அப்படிப்பட்ட ஏற்பாடுதான். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-ல் தமிழ்நாட்டில் அவை புதிதாக அமைக்கப்பட்டபோது இடைநின்றவர்களை அழைத்துவருவதும் அவர்கள் வேலைகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்பதால் நின்ற பெண்ணைப் பற்றி இன்னொரு அம்மாதான் கூட்டத்தில் வாய்திறந்து சொல்ல முடியும். தலைமை ஆசிரியர் கையெழுத்துக்கு மட்டும் குழு கூடுகிற ஊரில் இது நடக்காது, கூடிப் பேசுகிற ஊரில் நடக்கிறது. 2021-22-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைப் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள். மீட்ட பிள்ளைக்குத் தனியாக இருந்த மையங்களின் வேலை இப்போது ஊர்ப்பள்ளியின் தலையில். அந்தக் குழுக்கள் உயிரோடு இருப்பது முன்னைவிட இப்போது அதிகம் தேவை.

பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் அதிகாரிகள் குடிசைக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து, மாலை போட்டு, புத்தகப்பை கொடுக்கிற புகைப்படங்கள் தினசரிகளில் வரும். அந்தப் பிள்ளை திரும்பிய பிள்ளை என்று கணக்கில் ஏறிவிடும். அடுத்த ஜனவரியில் சேம்பர் ஆரம்பிக்கும்போது மேஸ்திரி அட்வான்ஸோடு வருவார். வீட்டில் மருந்துச் செலவு இருந்தால் வாங்குவார்கள். போய்விட்டுத் திரும்பினால் அடுத்த ஜூனில் அதே பிள்ளைக்கு மறுபடி மாலை. எத்தனை பேரைக் கூட்டிவந்தோம் என்று எண்ணுகிறோம், கூட்டிவந்தவர்களில் எத்தனை பேர் மூன்று ஜனவரியைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதில்லை. ஊர்க்குழுவும் தெருவில் சொல்லிக்கொடுக்கிற அக்காவும் பள்ளிக்கூடத்தாரும் சேர்ந்து அந்த எண்ணிக்கையை வைத்திருந்தால், டிசம்பரிலேயே எந்தெந்த வீட்டுக்கு மேஸ்திரிக்கு முன்னால் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். மருந்துச் செலவுக்கு மகளிர் குழுக் கடனா, பிள்ளைக்கு ஆறு மாதம் விடுதியா, பாட்டி வீட்டில் தங்க வைக்க அரிசியா என்று அப்போது பேசலாம். ஜூனில் போடுகிற மாலையைவிட டிசம்பரில் தட்டுகிற கதவு செலவு குறைந்ததும்கூட.